பதினொரு இடுக்கிகள்

பழைய ஆஸ்பத்திரிக் கருவிகளைக் காட்சிக்கு அடுக்கித் தரும்படி, ஓய்வுபெற்ற ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் ஜெபக்கனியை அருங்காட்சியகத்துக்கு அழைத்திருந்தார்கள். ரத்தக்குழாயைப் பிடிக்கும் இடுக்கிகள் இருந்த தகரப் பெட்டியின் மேல், அவள் கையெழுத்திலேயே பன்னிரண்டு என்று இருந்தது. உள்ளே பதினொன்று. மறுபடி எண்ணினாலும் பதினொன்றுதான் வரும் என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் எண்ணினாள்.

"ஒண்ணு எங்கயாவது தொலைஞ்சிருக்கும் சிஸ்டர். பார்க்க வர்றவங்க எண்ணவா போறாங்க?" என்றபடி அலுவலர் கண்ணாடிக் கதவை மூடப் போனார்.

ஜெபக்கனி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூடாதீங்க டாக்டர், ஒண்ணு குறையுது."

இருபத்தாறு வருஷங்களுக்கு முன்னால், ஒருத்தியின் வயிற்றைத் தைக்கப் பெரிய டாக்டர் கை நீட்டியபோது, இதைச் சொல்லாமல்தான் ஊசியில் நூலைக் கோத்துக் கொடுத்திருந்தாள்.