நிற்காத உண்டியல்

காசிலிங்கத்துக்குப் பொறுமை போய்விட்டது. அநாதைப் பிள்ளைகள் விடுதிக்கு நிதி திரட்ட, அவர் தலைமையில் தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து திருச்செந்தூருக்கு சைக்கிளில் கிளம்பிய ஆபீஸ் அணி அது. முன்னால் கூடை இருந்ததால் உண்டியலை ஆறுமுகநயினாரின் சைக்கிளில் கட்டியிருந்தார்கள். காலையில் ஆபீஸ் படியில் கால் ஊன்றி ஏறியவன், வழியில் எங்கேயும் நிற்கவில்லை.

முக்காணியில் டீ சொன்னபோது, "நீங்க குடிச்சிட்டு வாங்க அண்ணாச்சி!" என்று போய்விட்டான். ஆத்தூரில் மாலையோடு நின்றவர்களுக்கு ஒரு கும்பிடு போட வேண்டாமா? ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டினான். காயல்பட்டினத்தில் ஜவுளிக்கடை மரைக்காயர் நீட்டிய ரூபாய் நோட்டு, நீட்டியபடியே நின்றது.

"ஏலே, நில்லுல! உண்டியல வச்சிக்கிட்டு எங்கல ஓடுத?" பின்னாலேயே மிதித்துக்கொண்டு கத்தியதில் காசிலிங்கத்துக்குத் தொண்டை கட்டிவிட்டது. "பெரிய சூரன்னு நெனப்பு! இவன யாருடே அணியில சேத்தது?"

"நீங்கதான் அண்ணாச்சி" என்றான் பக்கத்தில் மிதித்துவந்த வன்னியபெருமாள்.

திருச்செந்தூரிலும் நயினார் நிற்கவில்லை. வரவேற்புப் பந்தலைச் சுற்றிச் சுற்றி வந்தான். காசிலிங்கம் தம் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு அவன் கூடவே ஓடினார்.

"எறங்கித் தொலையேம்ல!"

"எப்படி அண்ணாச்சி?" அழாத குறையாகக் கேட்டான் நயினார். "ஆள் கொறையுதுன்னு நேத்துதான எனக்கு சைக்கிள் ஓட்டப் படிச்சுக் குடுத்திய? 'இருட்டிட்டு, எறங்குறத நாளைக்குச் சொல்லித்தாரேன்'னுட்டுப் போயிட்டியள!"