பாலத்துக்கு முதல் வண்டி

லாரியில் என் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது.

புதுப் பாலத்தில் முதலில் போகப்போவது என் வண்டி. பின்னால் நெல் மூட்டைகள். முழு லோடு ஏற்றச் சொன்னதே எங்கள் எம்.எல்.ஏ. சகாயநாதன்தான்.

பட்டாளத்தில் பாலம் கட்டும் பிரிவில் சுபேதாராக இருந்துவிட்டு வந்தவர். இரண்டு தடவை ஜெயித்த பிறகும் நடை மாறவில்லை. மன்னார்குடி கடைத்தெருவில் ஓட்டுக் கேட்டு வந்தபோதே அவருக்கு ஈடுகொடுக்க முடியாமல் கட்சிக்காரர்கள் ஓடி வந்தார்கள்.

அவரைப் பற்றி ஊரில் ஒரே ஒரு குறை உண்டு. எங்கள் தொகுதியில் பாலம் கட்ட கான்ட்ராக்டர்கள் வருவதில்லை. டெண்டர் என்றாலே தெறித்து ஓடுகிறார்கள். கமிஷன் அதிகம் கேட்கிறாராம், டீக்கடைப் பேச்சு இது.

அவருக்காக நான் எத்தனையோ பேரிடம் மல்லுக்கு நின்றிருக்கிறேன். "அப்புறம் ஏன் ஓடுறாங்க?" என்று கேட்டால் மட்டும் எனக்குப் பதில் தெரியாது.

பழைய பாலம் இடிந்த அன்று என் தம்பி பாசித் டிராக்டரோடு ஆற்றுக்குள் போனான். உயிர் தப்பியது. கால் சரியாகவில்லை.

இன்றைக்கு அவனைக் கூப்பிட்டுத்தான் ரிப்பனை வெட்டச் சொன்னார் சகாயநாதன். கைதட்டல் அடங்குவதற்குள் அவரைக் காணோம்.

என்னோடு லாரியில் வருவார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

"என்ன ஜாபிர், உங்க பட்டாளத்துக்காரரு பயந்துட்டாரா?" கூட்டத்தில் ஒருவன் கத்தினான். சிரிப்பு கிளம்பியது.

எனக்கு மானமே போயிற்று. பிஸ்மில்லா சொல்லி கியரைப் போட்டேன்.

நடுப்பாலம் வந்ததும் கண் தானாகக் கைப்பிடிச் சுவருக்குப் போனது. கீழே தண்ணீர். பாசித் விழுந்த அதே இடம்.

பாலம் அசையவில்லை.

அக்கரை சேர்ந்து ஹார்னை விடாமல் அடித்தேன். இறங்கிப் பார்த்தால் ஒருவரும் என்னைக் கவனிக்கவில்லை. எல்லோரும் பாலத்துக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இடுப்பளவு தண்ணீரில் சகாயநாதன் நடந்து வந்தார். என் லாரி கடந்த நேரம் முழுக்க, நடுத்தூணுக்குப் பக்கத்தில், பாலத்துக்கு நேர் கீழே நின்றிருக்கிறார்.

கரையேறி, ஈரக் கையை என் தோளில் வைத்தார்.

"பட்டாளத்துல அப்படித்தாம்ப்பா. முதல் வண்டி போறப்ப கட்டுனவங்க அடியில நிக்கணும்."

இவர் எங்கள் எம்.எல்.ஏ. என்று அந்த ஆறு முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டும்போல் இருந்தது.

அப்போதுதான் அவருடைய இன்னொரு கையைக் கவனித்தேன். அது பின்னால் ஒருவரின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது.

வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்ட, முகம் வெளிறிப்போய், சேற்றில் கால் வழுக்க ஏறி வந்துகொண்டிருந்தார் பாலம் கட்டிய கான்ட்ராக்டர்.

டெண்டர் என்றால் ஏன் ஓடுகிறார்கள் என்று இனி யாராவது என்னிடம் கேட்கட்டும்.