பாட்டு வாத்தியாரின் சந்தேகம்

வனச்சரகரான அவள் வீட்டுக்குள் நுழைந்து, தொப்பியை மேஜைமேல் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். பாட்டு வாத்தியாரான கணவர் அருகில் வந்து உட்கார்ந்தார்.

“காட்டுல நீலக்கழுத்துப் பறவையோட குரல் கேட்டுச்சுன்னு தகவல் வந்து ஓடினியே, பார்த்தியா?”

“பார்த்தேங்க. அதே குரல். மரம் மரமா தேடி, பாடினதைக் கண்ணாலயே பார்த்துட்டேன்.”

“பின்னே ஏன் முகம் தொங்கிப்போயிருக்கு? மூணு வருஷமா யார் கண்ணுலயும் படாத பறவையாச்சே.”

“பாடினது மைனாங்க.”

எங்கிருந்தோ வந்து குடியேறிய மைனாக்கள்தான் மரப்பொந்துகளைப் பிடித்துக்கொண்டு நீலக்கழுத்தை விரட்டியவை. அவற்றைப் பிடித்து அப்புறப்படுத்துவதுதான் இத்தனை நாளும் அவள் வேலை.

“வீட்டையும் பிடுங்கிக்கிட்டு, குரலையும் திருடிக்கிச்சு. நீலக்கழுத்து அழிஞ்சே போச்சுன்னு மேலிடத்துல சொல்லிட வேண்டியதுதான். வேலையையும் நிறுத்திடுவாங்க.”

அவர் தாடையைத் தடவினார். “வயசான மைனாவா?”

“இல்லை, இந்த வருஷக் குஞ்சு. தலையில கறுப்பே இன்னும் சரியா ஏறலை. மத்த மைனா எதுவும் அப்படிப் பாடினதே இல்லை.”

“நீங்க யாராவது நீலக்கழுத்தோட பழைய ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினீங்களா?”

“காட்டுக்குள்ள அதுக்கு அனுமதியே கிடையாதுங்க.”

“அப்போ, அதுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தது யாரும்மா?”

அவள் சட்டென்று எழுந்தாள்.

“கிளம்புங்க. இருட்டுறதுக்குள்ள போயிடலாம். எது மைனா, எது நிஜ நீலக்கழுத்துன்னு பிரிச்சுச் சொல்ல உங்க காது எனக்கு வேணும்.”