அடுத்த பக்கத்தில் காய்ச்சல்

"இன்னும் கொஞ்சம் கோபம் வேணும்க்கா" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவுக்காரன் சொன்னது ஹெட்போனில் கேட்டது.

காலையிலிருந்து இதே வரிதான். 'எனக்குச் சொல்லாமலே அனுப்பிட்டீங்களே, அத்தை!'

சிறுமிகளுக்கான பழைய நாவல், ஒலிப்புத்தகமாகப் பதிவாகிறது. தாயில்லாப் பெண் ஆசையாக வளர்த்த பூனையை அத்தை யாருக்கோ கொடுத்துவிடுகிறாள். அந்தப் பெண் வீடே அதிரக் கத்த வேண்டும்.

குரல் கொடுக்கும் இவள் கத்தினால் கடையில் மீதிச் சில்லறை கேட்பது போல இருந்தது.

முயல்குட்டிக்கும் தேவதைக்கும் குரல் கொடுத்தே பழகிய தொண்டை. வீட்டிலும் அப்படித்தான். அம்மாவைக் கடைசிவரை தனியாளாகப் பார்த்துக்கொண்டாள். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை என்று போன மாதம் சாவு வீட்டில் எல்லோரும் வாய் ஓயாமல் புகழ்ந்தார்கள்.

சின்ன வயதில் இந்தப் புத்தகத்தை வாங்கிக் கொடுத்ததே அம்மாதான். இந்த மாதிரிக் கதைகளில் கோபப்பட்ட பெண்ணுக்கு அடுத்த பக்கத்தில் காய்ச்சல் வந்தே தீரும். தப்பித்தவறி வராவிட்டால் மாடிப்படியில் உருண்டு விழுவாள். எழுந்து உட்காரும்போது தங்கமான பெண்ணாகியிருப்பாள்.

இவள் காய்ச்சலுக்குப் பயந்து முன்கூட்டியே தங்கமாகிவிட்டாள்.

மைக்கில் சத்தம் விழும் என்று மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். புழுங்கியது. கண்ணை மூடிக்கொண்டாள்.

கத்தினாள்.

அந்தப் பக்கம் அவன் பதறிப்போய் ஹெட்போனைக் கழற்றினான். மறுபடி மாட்டிக்கொள்ளச் சற்று நேரமாயிற்று.

"பிரமாதம்க்கா! ஒரே ஒரு சின்னத் தப்பு. அத்தைன்னு இருக்கு, நீங்க அம்மான்னு சொல்லிட்டீங்க. பரவால்ல, அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லுங்க, ஒட்டிக்கலாம்."

சாவு வீட்டில் சித்தி வாய்தவறி ஒன்று சொல்லியிருந்தாள். இவள் காத்திருந்த மனிதர் அந்தக் காலத்திலேயே பெண் கேட்டு வீடு தேடி வந்தாராம். 'அவளுக்கு இஷ்டமில்லை' என்று அம்மாதான் வாசலோடு திருப்பி அனுப்பினாளாம். அவர் வரவேயில்லை என்றுதான் இத்தனை வருஷமும் இவள் நினைத்திருந்தாள்.

"அத்தை" என்றாள் மைக்கில், வழக்கமான குரலில்.

பக்கத்தைத் திருப்பினாள். சொல்லிவைத்தாற்போல் சிறுமிக்குக் காய்ச்சல். அத்தை கட்டிலோரம் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போடுகிறாள்.

இவள் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சுடவில்லை.

கொடுத்துவைத்த பெண், கதையில் வரும் அந்தச் சிறுமி. கத்தும்போது எதிரில் ஆள் இருந்தது. கத்தி முடித்த பிறகும் இருக்கிறது.