லாட்ஜ் வாசம்

வீட்டுக்குக் கீழே சுரங்க ரயில் நிலையம் தோண்டுவதால், கூட்டுக் குடும்பம் முழுவதையும் லாட்ஜில் தங்க வைத்திருந்தார்கள்.

"வேலை எவ்வளவு முடிஞ்சிருக்கு, தம்பி?" வாரம் தவறாமல் கேட்பாள் மூத்த மருமகள்.

"மெஷின் மறுபடி மக்கர் பண்ணுதுக்கா. இன்னும் ஒரு மாசம் பொறுத்துக்குங்க," என்று இன்ஜினியர் நெளிவார்.

அவள் பெருமூச்சு விடுவாள்.

இன்று அவர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "வேலை முடிஞ்சுது! நாளைக்கே வீட்டுக்குப் போகலாம்."

மாமியார் கைகூப்பினார். மாமனார் பெட்டியைத் தேடினார். சின்னக் கொழுந்தன் குதித்தான். "லாட்ஜ் சாப்பாட்டுல நாக்கே செத்துப்போச்சு. நாளையிலிருந்து எல்லாருக்கும் மூணு வேளையும் அண்ணி சமையல்!"

இன்ஜினியர் படியிறங்கும்போது அவள் பின்னாலேயே வந்தாள். குரல் களைத்திருந்தது.

"இன்னும் கொஞ்சம் ஆழமாத் தோண்டக் கூடாதா, தம்பி?"