மீசை தினத்துக்கு ஒரு புத்தகம்

“பொய்யை வாசனையிலயே பிடிக்கிற ஆளுங்க உலகத்துல மொத்தம் ரெண்டே பேர். அதுல ஒருத்தர் செத்துட்டார்.”

காப்பீட்டு அலுவலகத்தின் சாப்பாட்டு அறையில் இதைச் சொன்ன பூதக்கண்ணாடி சிரிக்கவில்லை. இழப்பீடு கேட்டு வரும் மனுக்களில் எது நிஜம், எது புளுகு என்று சலித்தெடுப்பது அவர் வேலை. அந்தப் பெயரும் அதனால் வந்ததுதான். உயிரோடிருக்கும் இன்னொருவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் சாப்பாடு ஆறிவிடும்.

அன்றைக்கு அவர் மூக்கில் ஏறிய விஷயம், தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பழைய புத்தகம். துணி அட்டை, பழுப்பேறிய தாள். மீசை வளர்ப்பது பற்றிப் படங்களோடு விளக்கம். மேலே ஒரு துண்டுச் சீட்டு: ‘இன்று மீசை தினம். விரும்புகிறவர்கள் எடுத்துப் போகலாம்.’

கோப்பறைப் பெண்ணின் கைங்கரியம். போன மாதம் குடை தினம் என்று குடை ரிப்பேர் சொல்லித் தரும் ஒரு புராதனப் புத்தகத்தை வைத்தாள். பிறகு மதியத் தூக்க தினம் என்று இன்னொன்று. அதை எடுத்துப் போன கணக்காளர் அந்தத் தினத்தை இன்னும் கொண்டாடி முடிக்கவில்லை.

பூதக்கண்ணாடி ஸ்கேலால் புத்தகத்தை நெம்பி, அடியில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்படியே இறக்கினார். தடயத்தைக் கையால் தொடக்கூடாது என்பது அவர் கொள்கை. புத்தகத்தையே தொடக்கூடாது என்பது அதைவிடப் பழைய கொள்கை. பள்ளியை விட்ட பிறகு பாலிசி விதிகளைத் தவிர ஒன்றையும் படித்ததில்லை என்பதைப் பதக்கம் குத்திக்கொண்ட மாதிரி சொல்லித் திரிவார். வேலைவெட்டி இல்லாதவனுக்குத்தான் புத்தகம். அவனிலும் வெட்டியானவனுக்குத்தான் இந்தத் தினமெல்லாம்.

பெண்ணைக் கூப்பிட்டனுப்பினார். அவள் தற்காலிக ஊழியர். நிரந்தரமாக்கும் உத்தரவு இந்த வாரம்தான் மேலாளரின் கையெழுத்துக்குப் போகிறது. அதை நம்பித்தான் தங்கையைப் படிப்பில் சேர்த்திருந்தாள்.

“இதெல்லாம் யார் வீட்டுப் புத்தகம்?”

“ஒரு வீட்டுச் சேகரிப்பு சார்.”

“உன்னோடதா?”

“என்னோடது இல்ல. ஒருத்தங்க குடுக்கறாங்க. பேரைச் சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

பூதக்கண்ணாடி நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டார். எத்தனை மனுக்களில் பார்த்திருக்கிறார், இந்தப் பெயர் சொல்லாத புண்ணியவான்களை.

“குடுக்கறதை ஏம்மா நாள் பார்த்துக் குடுக்கணும்?”

“சும்மா வெச்சா யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க சார். ஒரு சாக்கு வேணும்ல.”

“எனக்குப் புரிஞ்சதை நான் சொல்றேன். எவனோ ஒரு ஏமாந்த சோணகிரி வீட்டுல இருந்து ஒவ்வொண்ணா கிளம்பி வருது. அந்த அப்பாவிக்கு இன்னும் விஷயமே தெரியாது.”

பெண் சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். குற்ற உணர்ச்சியின் முதல் அறிகுறி என்று பூதக்கண்ணாடி மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

“சாயந்திரத்துக்குள்ள பேரைச் சொல்லு. இல்லைன்னா காலைல புகார் மேலாளர் மேசைக்குப் போகும்.”

அவள் முகம் வெளுத்துவிட்டது.

“வாக்கு குடுத்துட்டேன் சார்” என்றாள்.

சாயந்திரம் வரை அவள் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த பூதக்கண்ணாடி சட்டையைக்கூடக் கழற்றாமல் ஒரு முழுத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் மனைவி தையல் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். நாலு தெருப் பெண்களுக்குத் துணி தைப்பவள். யார் வருகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று அவர் கேட்டதில்லை. வீட்டில் துப்புத் துலக்கினால் யார் சம்பளம் தருகிறார்கள்?

எழுத எழுத நடந்ததை அவளுக்கும் எடுத்துச் சொன்னார். இது ஒரு கும்பல், அந்தப் பெண் வெறும் அம்பு, பின்னால் ஒரு பெரிய மூளை இருக்கிறது என்றார். மெஷின் அது பாட்டுக்கு ஓடியது. அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்று மனைவி கேட்டாள். நிரந்தரம் ஆகாது, அவ்வளவுதான், வேறென்ன என்றார். மெஷின் நின்றது.

“எழுதி முடிச்சாச்சா?”

“ஒரு இடம்தான் பாக்கி. பறிகொடுத்தவன் பேர் போடணும். அதுதான் பிடிபடல.”

“உங்க பேரைப் போடுங்க.”

பூதக்கண்ணாடி நிமிர்ந்தார்.

“எல்லாம் உங்கப்பா அலமாரிப் புத்தகம்தான். எடைக்குப் போடச் சொன்னீங்க, போட்டாச்சுன்னு சொன்னேன். எனக்கு மனசு வரலைங்க. பின்னறைல துணி மூட்டைக்குப் பின்னால அடுக்கி வெச்சிருக்கேன். அந்தப் பொண்ணு என்கிட்டதான் துணி தைக்கக் குடுக்குது. எந்த நாள் என்ன தினம்னு போன்ல தேடறது, அதுக்கேத்த புத்தகத்தை எடுத்துக் குடுத்தனுப்பறது எல்லாம் நான்தான்.”

சொல்லிவிட்டு அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டு மறுபடி தைக்க ஆரம்பித்துவிட்டாள்.

பூதக்கண்ணாடி புகாரை எடுத்து நாலாகக் கிழித்தார். ஒரு துண்டை வெற்றுப் பக்கம் மேலே வரும்படி திருப்பி வைத்து, பேனாவைப் பிடித்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமலேயே மெதுவாகக் கேட்டார்.

“நாளைக்கு என்ன தினம்?”