அளந்து பார்த்த வீடு

"இது இன்னா பள்ளிக்கூடமா, கணக்குப் போட்டுக் காட்டறே? அளந்து காட்டுய்யா!"

ரகுபதி போட்ட சத்தத்தில் எலெக்ட்ரீஷியன் கன்னியப்பனின் பென்சில் கதவின் பின்பக்கத்தில் அப்படியே நின்றது. அங்கேதான் அவன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

எழுபத்தாறாம் வருஷம். படப்பையில் ரகுபதி கட்டிய புது வீட்டுக்கு வயரிங் முடிந்து, வெள்ளையடித்தும் ஆகிவிட்டது. மறுநாள் கிரகப்பிரவேசம்.

"எர்த் கம்பி எவ்ளோ நீளம், எவ்ளோ தடிமன்னு தெரிஞ்சா போதும் சார். ரெசிஸ்டன்ஸ் அரை ஓம் கூட வராது. இஸ்திரிப் பெட்டியில கரெண்ட் லீக் ஆனா, நேரா பூமிக்குப் போய்க்கினே இருக்கும். ஆளைத் தொடாது."

"போவும்னு யார் சொன்னது?"

"கணக்கு சொல்லுது சார்."

"கணக்கா வந்து இஸ்திரி போடப் போவுது? என் பொண்டாட்டி போடப் போறாய்யா!"

கன்னியப்பன் சிரிக்கப் பார்த்தான். ரகுபதியின் முகத்தைப் பார்த்ததும் அந்த யோசனையைக் கைவிட்டான்.

"இருவது வருஷமா இந்தத் தொழில்தான் சார். தண்டலம் வரைக்கும் நான் வயரிங் பண்ண வூடு கீது. என் கணக்கு ஒரு வூட்லயும் தப்பினது இல்ல."

"ஷாக் அடிச்ச நம்ம ஊர்த் தாண்டவராயன் வூட்லகூட கணக்கு சரியாத்தான் இருந்துச்சாம். தாண்டவராயன்தான் இப்ப இல்ல."

"அது நான் பண்ண வூடு இல்ல சார்."

"அது ஒண்ணுதான் குறைச்சல்!"

ரகுபதி ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபோர்மேன். அளக்காத எதையும் நம்ப மாட்டார். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில் பையனை நிற்க வைத்து டேப் பிடித்தார் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அது பொய்யாக இருக்கலாம். சட்டைப் பையில் டேப் இருந்தது நிஜம்.

இன்றைக்கு கம்பெனி ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு, ரெசிஸ்டன்ஸ் பார்க்கிற மீட்டரையே பெட்டியோடு கொண்டுவந்திருந்தார்.

"பிடி இந்த வயர் முனையை. எர்த் பைப்புல வை."

மறுமுனையை ஹால் பிளக்கில் வைத்தார். மீட்டர் முள் பூஜ்யத்தில் சமர்த்தாகப் படுத்திருந்தது. படுக்கை அறையிலும் அப்படியே.

"நான்தான் சொன்னேனே சார்..." என்று கன்னியப்பன் ஆரம்பித்தான்.

சமையலறை பிளக்கில் வைத்ததும் முள் துள்ளிக்கொண்டு மறுகோடிக்குப் போய் நின்றது.

கன்னியப்பன் வாயை மூடினான்.

பிளக்குக்கு மேலே வயர் ஓடிய மரச்சட்டத்தைப் பிரித்தார்கள். எர்த் கம்பியில் ஒரு ஜாயின்ட். இரண்டு முனையையும் சுரண்டாமல் சும்மா முறுக்கி விட்டிருந்தது. முறுக்கின சந்துக்குள் சுண்ணாம்பு வேறு இறங்கிக் காய்ந்திருந்தது.

"இந்த முறுக்கு உன் கணக்குல எங்கய்யா வருது?"

"வராது சார்."

"சுண்ணாம்பு?"

"அதுவும் வராது சார்."

"லீக் ஆன கரெண்ட் இந்த வழியா பூமிக்குப் போவுமா, இல்ல இஸ்திரி போடறவ உடம்பு வழியா போவுமா?"

கன்னியப்பன் கம்பியைப் பளிச்சென்று சுரண்டி, இறுக்கி முறுக்கினான். மறுபடி அளந்தார்கள். இந்தத் தடவை முள் அடங்கிப் படுத்தது.

ரகுபதிக்கு மனசு நிறைந்துவிட்டது. இந்த நாட்டில் தான் ஒருவராவது பொறுப்போடு இருக்கிறோமே என்ற நிறைவு.

"கன்னியப்பா, ஒண்ணு தெரிஞ்சிக்கோ. மனுஷ உசிரு விஷயத்துல குத்துமதிப்பு கூடாது. அளக்கணும். ஒவ்வொரு பிளக்கா அளக்கணும். புரிஞ்சிதா?"

"புரிஞ்சிது சார்."

நிஜமாகவே புரிந்திருந்தது. ரகுபதியின் மனைவி மரகதம் காபி கொண்டுவந்தாள். கன்னியப்பன் டம்ளரைத் தொடவில்லை. மீட்டரைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

"வாங்க சார். பின்னால போர்ஷனையும் பார்த்துடலாம்."

"அங்க எதுக்கு?"

"அதே கம்பி, அதே கை சார். அதே நாள்லதான் அங்கயும் வெள்ளையடிச்சாங்க. இங்கயே இப்படின்னா..."

ரகுபதி காபியை ஆற்றிக்கொண்டே சிரித்தார்.

"அளந்தா ஏதாவது தெரியும்பா. தெரிஞ்சா பிரிக்கணும். பிரிச்சா மறுபடி வெள்ளையடிக்கணும். அது வாடகைக்கு விடற வூடு. அதுக்கு உன் கணக்கே போதும்."

கன்னியப்பன் நகரவில்லை. மரகதத்தைப் பார்த்தான்.

"உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேங்க, வேலையில மறந்துட்டேன்" என்றாள் மரகதம். "அந்த போர்ஷனை இவருக்குத்தான் பேசி விட்டிருக்கேன். நாளன்னிக்குப் பொண்டாட்டி புள்ளைங்களோட குடி வராரு."

ரகுபதி டம்ளரைக் கீழே வைத்தார். கன்னியப்பனை ஏற இறங்கப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. அவன் கையிலிருந்த மீட்டரை வாங்கிப் பெட்டிக்குள் வைத்து, கொக்கியைப் போட்டார்.

"அட, அப்ப கவலையே இல்லியே! இருவது வருஷமா ஊரான் வூட்டுக்கெல்லாம் தப்பாத கணக்கு, உன் வூட்டுக்கு மட்டுமா தப்பிடும்?"